காணாமல்போன சைபர்

"ஆயில்யமா? மாமியாருக்கு ஆகாத நட்சத்திரத்தை நானே கூப்பிட்டு வூட்டுக்குள்ள குந்த வெக்கணுமா?"

மங்கையர்க்கரசி கேட்ட கேள்வியில் அவளுடைய பட்டுக்கடையின் மின்விசிறிகூட ஒரு சுற்று தயங்கியது.

ஜோசியர் திருஞானசம்பந்தம் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். "நான் என்னம்மா பண்றது? பொண்ணு காலையில ஆறு மணி ஒரு நிமிஷத்துக்குப் பொறந்ததா கம்ப்யூட்டர் காட்டுது. அன்னிக்கு ஆறு அஞ்சு வரைக்கும் ஆயில்யம் இருக்குது."

மங்கையர்க்கரசியின் மகன் லோகேஷ், ஏற்கெனவே மடித்த புடவையை மறுபடி மடித்துக்கொண்டிருந்தான். காதலிக்கத் தெரிந்த அளவுக்கு அவனுக்கு அம்மாவிடம் பேசத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்த சங்கரிக்கு அது தெரியும். சென்னைக் கம்பெனி ஒன்றில் புரோகிராம் எழுதுகிறவள் அவள். இந்தக் கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் தான்தான் வாயைத் திறக்க வேண்டும். திறந்தாள்.

"ஜோசியரே, தப்பு என் ஜாதகத்துல இல்ல, உங்க சாப்ட்வேர்ல. நான் பொறந்தது ஆறு பத்துக்கு."

"ஏம்மா, இதுல எத்தனை கல்யாணம் முடிச்சிருக்கேன் தெரியுமா?"

"பாவம், அவங்க கதி என்னாச்சோ! ஆறு, புள்ளி, ஒண்ணு, சைபர். இப்போ என் எதிர்ல அடிங்க."

அடித்தார். என்டரைத் தட்டினார். கடைசி சைபரைக் காணோம். 6.1 என்று நின்றது. அதற்குக் கீழே, 'பிறந்த நேரம்: 6 மணி 1 நிமிடம்'.

ஜோசியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சைபர் திரும்பி வரவில்லை.

"அது எங்க பூட்ச்சிம்மா?"

"நீங்க நேரம்னு அடிக்கிறீங்க. அது தசம எண்ணுன்னு எடுத்துக்குது. புள்ளிக்கு அப்புறம் கடைசியில வர்ற சைபருக்கு மதிப்பில்லன்னு கடாசிட்டு, மிச்ச ஒண்ணை ஒரு நிமிஷம்னு வெச்சிக்குது."

"கம்ப்யூட்டரே தப்பு பண்ணுமா?" மங்கையர்க்கரசி லேசில் விடுகிறவள் இல்லை.

"புள்ளிக் கணக்குல அதை நம்பவே கூடாது அத்தை. புள்ளி ஒண்ணையும் புள்ளி ரெண்டையும் கூட்டச் சொல்லுங்க. புள்ளி மூணு போட்டு, பதினஞ்சு சைபர் போட்டு, கடைசியில கொசுறா ஒரு நாலைத் தொங்கவிடும்."

"அத்தையா? இன்னும் ஜாதகமே சேரல."

"சேர்ந்துடும் அத்தை."

லோகேஷின் கையிலிருந்து புடவை நழுவியது.

மங்கையர்க்கரசி ஜோசியரை முறைத்தாள். "மொதல்ல நீங்க என்னான்னு அடிச்சீங்க?"

"அவங்க வூட்லருந்து போன்ல சொன்னதைத்தான். பத்தா, ஒண்ணான்னு இப்போ கேட்டா? நாளெல்லாம் இதையேதானேம்மா அடிச்சிக்கினு இருக்கேன்!" அவசரமாக விரல்விட்டு எண்ணியவரின் முகம் மலர்ந்தது. "ஆறு பத்துன்னா மகம்! மாமியாருக்கு ஒரு கெடுதலும் இல்ல. தாராளமா பண்ணலாம்."

"அப்போ தையில நாள் பாருங்க" என்றாள் மங்கையர்க்கரசி.

ஜோசியரை ஆட்டோ ஏற்றிவிட லோகேஷ் ஓடினான். நடந்து போகிற நிலையில் அவன் இல்லை.

அவர்கள் தலை மறைந்ததும் மங்கையர்க்கரசி சங்கரியின் பக்கம் குனிந்தாள். "நேத்தே உங்கம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன். நீ பொறந்தது ஆறு ஒண்ணுக்குத்தானாம்."

சங்கரி நாற்காலி நுனிக்கு வந்தாள். "தெரிஞ்சுமா... நாள் பாக்கச் சொன்னீங்க?"

"பின்னே? இல்லாத சைபரை என் கடையிலயே குந்திக்கினு என் தலையிலயே கட்டினவ நீ. உன்னை வேணாம்னு அனுப்பிட்டு, எதிர்க்கடைக்காரன் மருமகளாக்கிக்கினா நான் எப்பிடிடி யாவாரம் பண்றது?"