நல்ல பிரிண்ட்

டிவிக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு இந்தப் படம். வாரா வாரம் இதே கூத்துதான்.

மகன் யுவராஜ் பென் டிரைவைச் செருகினான். "இன்னிக்கு உனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கும்மா," என்றான்.

அவள் காதில் வாங்கவில்லை.

எண்பதுகளில் எங்கோ வெளிநாட்டில் எடுத்த படம். அணுகுண்டு விழுந்து உலகம் அழிந்துவிடும். மிச்சமிருக்கும் கொஞ்சம் பேர் பாலைவனத்தில் தண்ணீருக்கு அடித்துக்கொள்வார்கள். குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனால் மோட்டார் பைக்குக்குப் பெட்ரோல் மட்டும் எங்கிருந்தோ கிடைத்துவிடும். கதாநாயகிக்கு அன்றுதான் தலைக்குக் குளித்த மாதிரி கூந்தல். இடிந்த நகரம் என்று ஒரே ஒரு சுவர்தான். அதையே சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள்.

மகா மட்டமான படம். அவளுக்கும் தெரியும்.

தமிழில் டப் செய்த கம்பெனி அதைவிட ஏழை. கதாநாயகனுக்குக் குரல் கொடுக்க ஒரு ஆள். பெண்களுக்கெல்லாம் ஒரு அம்மா. மற்ற அத்தனை பேருக்கும் அவள் கணவர்.

துப்பாக்கியை நீட்டுகிறவன் அவர். சுடாதே என்று காலில் விழுகிறவனும் அவர்.

"தண்ணி குடுடா" என்று கெஞ்சுவார். "ஒரு சொட்டு கிடையாது, சாவு" என்று அவரே அதட்டுவார். தள்ளி நின்று சிரிக்கிற கும்பல் மொத்தமும் அவர்தான்.

உலகம் அழிந்த பிறகு, உயிரோடு இருக்கிற எல்லோரும் அவர் குரலில் பேசினார்கள்.

அப்படி ஓர் உலகம் என்றால் அழியட்டும். அவளுக்குச் சம்மதம்.

வீட்டில் அவர் அவ்வளவு பேசியதே இல்லை. நாளெல்லாம் ஸ்டூடியோவில் கத்தி, அழுது, செத்து, தொண்டை கட்டிப்போய் வருவார். வெந்நீர் வேண்டுமென்றால் கையைக் காட்டுவார். பிள்ளையை மிரட்டுவதும் கண்ணால்தான். பேசியே பிழைத்த மனுஷன். பெற்ற பிள்ளையிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

போன வருஷம் போய்விட்டார்.

போட்டோ நிறைய இருக்கிறது. குரல் என்று கையில் இருப்பது இந்த ஒரு படத்தில் மட்டும்தான்.

கேபிளில் ஓடியபோது அவர் குரல் என்று கண்டுகொண்டு அவள் கேசட்டில் பிடித்து வைத்தது. கேசட்டில் பூஞ்சை ஏறிவிட்டது. கடைக்காரர் பாடுபட்டு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, கேசட்டைக் குப்பையில் போட்டார். படம் முழுக்கக் கோடு. அடியில் ஒரு பாத்திரக்கடை விளம்பரம் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

அதில் அவளுக்கென்று ஓர் இடம் உண்டு.

முகமூடி போட்ட ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டு வெயிலில் நிற்பான். முகமூடிக்காரனுக்கு வாய் தெரியாது. டப்பிங்கில் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்த வசனம் தீர்ந்த பிறகும் அவன் தலை ஆடிக்கொண்டிருக்கும். அவர் சும்மா விடவில்லை.

"சீக்கிரம் சுட்டுட்டு வாடா. வீட்ல நெத்திலிக் குழம்பு ஆறிடும்."

அன்று காலை அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பிப் போயிருப்பார். சாப்பிட்டு எழும்போது நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை. பாலைவனத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார்.

சில ஞாயிறுகளில் யுவராஜும் பக்கத்தில் வந்து உட்காருவான். விழுந்து விழுந்து சிரிப்பான். அவனும் அப்பாவைக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்துக்கொள்வாள். அதைப் பற்றி அவனிடம் பேசியதில்லை. பேசினால் அழுதுவிடுவோம் என்று பயம்.

படம் ஆரம்பித்தது.

கோடு இல்லை. பாத்திரக்கடை இல்லை. மணல் மஞ்சளாக, வானம் நீலமாக இருந்தது.

துப்பாக்கிக்காரன் வாயைத் திறந்தான்.

இங்கிலீஷ்.

யாரோ ஒருத்தன் குரல். காலில் விழுந்தவனுக்கு வேறு யாரோ. சிரித்த கும்பலில் ஆளுக்கொரு சிரிப்பு.

"ஒரிஜினல்மா," என்றான் யுவராஜ். "தேடிப் புடிச்சு எறக்கினேன். ஆளுங்க மூஞ்சி எப்படித் தெரியுது பாரு."

"பழசு எங்கடா?"

"அது எதுக்கு? டிரைவ்ல எடம் பத்தல, அழிச்சிட்டேன். அந்தத் தமிழ எப்படித்தான் கேட்டுட்டு இருந்தியோ. எல்லாத்துக்கும் ஒரே ஆளு, தொண்ட கட்டுன மாதிரி."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஆசையாக டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இவனுக்குத் தெரியவே தெரியாது.

குரல் கொடுக்கிறவர்களுக்கு டைட்டிலில் பெயர் போடுவதில்லை. எந்தெந்தப் படம் என்று அவரும் வீட்டில் சொன்னதில்லை. பிள்ளைக்கு அப்பா குரல் தெரியாமலா போகும் என்று இவள் இருந்துவிட்டாள்.

திரும்பி டிவியைப் பார்த்தாள்.

முகமூடிக்காரன் வந்தான். பைக்கை நிறுத்தினான். இங்கிலீஷில் என்னவோ சொன்னான். அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டு சும்மா நின்றான். வெறும் காற்றுச் சத்தம் கேட்டது.

"எப்படிம்மா இருக்கு?"

சொல்லலாம். சொன்னால் அப்பாவை அழித்துவிட்டோமே என்று இவன் ஆயுசுக்கும் மாய்ந்து போவான்.

"நல்லா இருக்குடா," என்றாள். "இப்பத்தான் வாயும் பேச்சும் சரியா ஒட்டுது."

அவனுக்கு ஒரே சந்தோஷம்.

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.