இன்ஜினோடு பேசுகிறவன்

"மிதிச்சதும் பாய்ஞ்சா அது பொம்மைங்க. நெஜ இன்ஜின்னா ஒரு நொடி தயங்கி, அப்புறந்தான் வேகமெடுக்கும்" என்று பெண் பார்க்க வந்த அன்றே சொன்னான் பார்த்திபன்.

"அப்ப நானும் நெஜ இன்ஜின்தாங்க. பதில் சொல்ல ஒரு நாள் வேணும்" என்று சிரித்தாள் மீனலோசனி.

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்ரோல் வண்டிகள் தெருவை விட்டே போய்விட்ட பிறகு, கம்ப்யூட்டர் கார் விளையாட்டுகளில் வரும் இன்ஜின்களை நிஜம்போல ஓடப் பழக்குவதுதான் அவன் வேலை. புது விளையாட்டில் இன்ஜினுக்குக் காதும் உண்டு. அதட்டினால் இருமிக்கொண்டு நின்றுவிடும். கொஞ்சினால்தான் ஏற்றத்தில் ஏறும். பகலெல்லாம் அவன் அறையிலிருந்து கொஞ்சல் கேட்கும். சமையலறைக்கு வருவதோ "சாப்பாடு ரெடியா?" மட்டும்தான்.

அன்று காபியோடு அறை வாசலில் நின்றாள். திரையில் மலைப்பாதை.

"வா தங்கம், மெதுவா வா. நான் இருக்கேன்ல" என்றான்.

"வந்துட்டேங்க" என்று முகம் சிவக்க ஓரடி முன்னே வைத்தாள்.

அவன் இரண்டாவது கியருக்கு மாற்றினான். இன்ஜின் உறுமியபடி வளைவில் ஏறியது. பிறகுதான் திரும்பிப் பார்த்தான். "நீயா? காபியை வெச்சுட்டுப் போ. இவளுக்கு மூச்சு வாங்குது."

இவளாம்! மீனலோசனி காபியை வைக்கவில்லை. திரைக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றாள். பெடலை மிதித்திருந்த அவன் கால் தளர, திரையில் கார் திணறி நின்றது.

"என்னடி, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்க" என்றாள். "வேலை எதுவும் இல்லாதப்ப, சும்மாவே, இன்ஜினைக் கொஞ்சுற அந்தக் குரல்ல என்கிட்டயும் ஒரு தடவை பேசுங்களேன்."