சும்மா ஒரு டெஸ்ட்

அநியாயம் நடந்தது என் அண்ணிக்கு. நடத்தியது என் அண்ணன்.

குழந்தைகளுக்குப் பாட்டோடு ஒலிக்கதை தயாரிக்கிற ஒரு நிறுவனம், "வீட்டிலேயே ஒரு பாட்டைப் பதிவு பண்ணி அனுப்புங்க. பிடிச்சிருந்தா கூப்பிடறோம்" என்று அண்ணியிடம் சொல்லியிருந்தது. பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து நாள் முழுக்க நோயாளிகளின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் அண்ணிக்கு, பாட்டை நம்பி ஒரு வேலை தேடி வருவது இதுதான் முதல் தடவை.

இன்று மாலைதான் கடைசிக் கெடு. பாட்டு இன்னும் போகவில்லை. ஏனென்றால், அண்ணனுக்கு ஒரு சாஃப்ட்வேரும் பிடிக்கவில்லை!

அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. "இது தெளிவா, அது தெளிவா?" என்று பகலெல்லாம் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தும் அதே கேள்விதான். ஒன்றில் இரைச்சல் என்பான். இன்னொன்றில் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது என்பான். மறுநாள் புதிதாக ஒன்றை இறக்குவான்.

"சும்மா ஒரு டெஸ்ட். ஒரு தடவை பாடு."

அண்ணி பாடுவார். "ம்ஹூம், சரிவராது. அழிச்சாச்சு" என்று கம்ப்யூட்டரை மூடிவிடுவான்.

இன்றும் அதே கூத்து. ஜன்னலுக்குப் போர்வை. மின்விசிறி நிறுத்தம். சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள்.

"சத்தம் வருதுன்னு மறுபடியும் ஃப்ரிட்ஜ் ப்ளக்கைப் பிடுங்கி விட்டுட்டானா? பால் திரிஞ்சு போச்சு! கிறுக்குப் பய, இவனைக் கட்டிக்கிட்டு அந்தப் பொண்ணு படற பாடு!"

எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, நீ என்ன செயற்கைக்கோளா அனுப்பற? ஒரு பாட்டு! அதுக்கு எத்தனை சாஃப்ட்வேர்?"

"வந்துட்டாங்கப்பா வக்கீலம்மா."

"வாதாடத்தான் வந்திருக்கேன். ஒரு பட்டன் இருக்கிற சாஃப்ட்வேர் போதும். அமுக்கினா பதியணும், விட்டா நிக்கணும். உன்னோட 'இன்னும் நல்லா'வுக்கு அண்ணியோட வேலை பலியாகணுமா?"

"அவசரப்படாதே. நான் சொல்றதைக் கேளு..."

"இத்தனை நாள் கேட்டாச்சு. நகரு."

ஆச்சரியமாக, நகர்ந்தான். அண்ணியைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டான்.

என் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். திரையில் ஒரே ஒரு சிவப்பு பட்டன்.

"அண்ணி, இது டெஸ்ட் இல்ல. நிஜமாவே பதியப் போறேன். இதைத்தான் அனுப்பறோம். ரெடியா?"

அண்ணி தலையாட்டினார். பட்டனை அமுக்கினேன்.

முதல் வரியிலேயே குரல் பிசிறியது.

"பரவாயில்ல அண்ணி, மறுபடி."

இந்தத் தடவை இருமல். அடுத்த தடவை, நூறு தடவை பாடிய பாட்டின் இரண்டாவது வரியே மறந்துபோனது. துப்பட்டா நுனியைக் கயிறாக முறுக்கிக்கொண்டே, அந்தச் சிவப்புப் புள்ளியைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம்மா. எனக்கு... இதெல்லாம் நமக்கு ஆகற காரியமில்ல. விட்டுடலாமே."

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

அண்ணன் எழுந்து வந்தான். என் லேப்டாப்பைப் பட்டென்று மூடினான்.

"இவ மைக்கே சரியில்ல. அதுல எவ பாடினாலும் இப்படித்தான் வரும். நீ விடு. நான் புதுசா ஒண்ணு இறக்கி வெச்சிருக்கேன், அதுல சத்தம் எவ்வளவு ஏறுதுன்னு மட்டும் பார்க்கணும். சும்மா ஒரு டெஸ்ட். கட்டில்ல உக்காந்தே பாடு, போதும்."

"இன்னொண்ணா?" என்று அண்ணி சிரித்தேவிட்டார். "உங்களைத் திருத்த முடியாதுங்க."

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். பாடினார்.

என்ன சொல்ல! சற்றுமுன் திக்கித் திணறிய தொண்டையா இது? சமையலறையில் பாத்திரச் சத்தம்கூட நின்றுவிட்டது. பாட்டு முடிந்ததும் அண்ணன் முகத்தைச் சுளித்தான்.

"ம்ஹூம். கொஞ்சம் இரைச்சல்தான்."

"இருந்தா இருக்கட்டும். நான் போய் அத்தைக்கு உதவி பண்றேன்" என்று அண்ணி எழுந்து போனார்.

நான் வெடித்தேன். "அறிவிருக்கா உனக்கு? இவ்வளவு நல்லாப் பாடினாங்க, அதையும் அழிக்கப் போறியா?"

அண்ணன் கதவைச் சாத்தினான். ஹெட்ஃபோனை எடுத்து என் காதில் மாட்டினான்.

அண்ணியின் குரல். இப்போது பாடிய அதே பாட்டு, ஒரு பிசிறு இல்லாமல்.

"அழிச்சதே இல்ல" என்றான். "எல்லா டெஸ்ட்டும் பத்திரமா இருக்கு. ஒவ்வொண்ணும் முந்தினதைவிட நல்லா வந்துச்சு. இன்னைக்கு வந்ததை அனுப்பலாம்."

"அவங்களுக்குத் தெரியாமலா?"

"கேட்டுட்டுத்தான். 'டெஸ்ட்டே பரவாயில்லையே, நேரமாச்சு, இதையே அனுப்பிடலாமா?'ன்னு கேப்பேன். சரின்னா அனுப்புவேன்."

"அப்போ அந்த சாஃப்ட்வேர் எல்லாம்?"

"முதல்ல இறக்கினதே போதுமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரே சாஃப்ட்வேரை எத்தனை தடவைதான் டெஸ்ட் பண்ணுவீங்கன்னு அவ கேட்டுட மாட்டாளா?"

வாதாட எனக்கு ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"இதை முதல்லயே எங்ககிட்டச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே? அம்மாகிட்ட தினம் திட்டு வாங்கற, நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்!"

அண்ணன் ஜன்னல் போர்வையை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்:

"சொன்னா, அவளுக்குப் பயம்னு பேராயிடும். இப்ப எனக்குக் கிறுக்குன்னுதானே பேரு? அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."