துண்டின் மறுமுனை

மனைவி துளசிமணியைத் தன் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டி, பைக்கில் பின்னால் உட்காரவைத்து, விடிந்ததிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தான் சென்னியப்பன். முந்தாநாள் கிணற்றில் குதித்தவளைத் தூக்கியபோது கயிறு அறுத்த காயம் அவள் தோளில் இன்னும் ஆறவில்லை. வழியில் பாலம் வந்தபோதெல்லாம் துண்டு இறுகியது. ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது.

துறையில் படகுக்காரர் துண்டைப் பார்த்தார். "அதை அவுத்துருங்க. கட்டிவச்ச உசுரை நான் ஏத்தறதில்லீங்க. கவுந்துட்டா எப்படி நீந்தும்? ஆட்டையே அவுத்துத்தான் ஏத்தறேன்."

"இவளுக்கு ஒடம்பு சரியில்லீங்க."

"ஆரா இருந்தாலும் அப்படித்தானுங்க."

அவிழ்த்தான். முடிச்சு விரல்களுக்கு எளிதில் வசப்படவில்லை. படகில் ஏற்றிய வண்டியைச் சாயாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. அவள் விளிம்போரமாகப் போய் நின்றாள். மோட்டார் சத்தத்துக்கு மேலாக அவன் அவள் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் திரும்பவில்லை. பச்சையாக இருந்த தண்ணீர் நடு ஆற்றில் கறுத்தது.

அப்போது அவள் வண்டிமேல் கிடந்த துண்டை எடுத்து, ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள். மறுமுனையை அவனிடம் நீட்டினாள்.

"புடிச்சுக்கங்க மாமா. சீக்கிரம்."

கையை எடுத்தால் வண்டி, பக்கத்தில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த வேறொரு பெண்மேல் சாய்ந்துவிடும். அவன் குனிந்து அந்த முனையைப் பல்லால் கவ்விக்கொண்டான். இனி அவள் பேரைச் சொல்ல வாய் இல்லை.

துண்டு இறுகியது.