கரைமேட்டில் ஏழு கோடுகள்

“அந்தக் கோடுகளை அழிச்சிட்டு அனுப்பும்மா. கேமராக் கோளாறு” என்றார் எங்கள் வெள்ள வரைபடப் பிரிவின் தலைவர்.

நான் அழிக்கவில்லை.

செயற்கைக்கோள் காலையில் எடுத்த படம். மூன்று நாள் மேகம் விலகி அன்றுதான் தரை தெரிந்தது. தரை என்று சொன்னால் தரைக்கே சிரிப்பு வரும். திரை முழுக்கப் பழுப்புத் தண்ணீர். நடுவில் ஆற்றங்கரை மேடு மட்டும், வெட்டிப்போட்ட நகம் மாதிரி.

மேட்டில் மரங்கள் தெரிந்தன. ஆள் தெரியவில்லை. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் மனிதன் ஒரு புள்ளிகூட இல்லை.

ஆள் இருக்கும் தடயம் இல்லாத இடத்துக்குப் படகு கிடையாது. பன்னிரண்டு மணிக்கு மீட்புப் படகுகளுக்கு வரைபடம் போயாக வேண்டும். மூன்று நாளாக அந்தப் பக்கத்து, எங்கள் ஊர்ப் பக்கத்து, போன் ஒன்றுகூட அடிக்கவில்லை.

மேட்டின் ஓரத்தில் ஏழு கோடுகள்.

பெரிதாக்கினேன். வெள்ளை, வெள்ளை, வெள்ளை, வெள்ளை. அப்புறம் மஞ்சள். நீலம். கடைசியில், எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி, ஓர் அடர்சிவப்பு.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த அறையில் ஒருவராவது வாழ்நாளில் ஒரு துண்டையாவது தானே உலர்த்தியிருப்பாரா?

“கேமராவுக்குச் சாயம் ஒட்டிக்கும்னு பயம் வருமா சார்? சிவப்பை மட்டும் ஏன் தள்ளிப் போடுது? அது துணி சார். ஒரே நிறத் துணிகளா முனைக்கு முனை சேர்த்துக் காயப்போட்டிருக்காங்க.”

“வெள்ளத்துல எவ துணி துவைப்பா?”

“உசுரோட இருக்கறவ.”

அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் மேட்டைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

நாலு மணிக்குப் படகுக்காரர் அழைத்தார். தலைவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். மரத்தடியில் நாற்பத்தோரு பேர். ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை.

அறையே எழுந்து நின்று கத்தியது. தலைவர் மேசையைத் தட்டித் தட்டித் தன் தேநீரைக் கொட்டிக்கொண்டார்.

“எல்லாரும் ஏறியாச்சு சார். ஒரு அம்மாதான் ஏற மாட்டேங்குது. லாட்ஜ்ல இருந்து வெளுக்க வந்த துணியாம், ஈரத்துல கிடந்தா கரும்புள்ளி விழுந்துடுமாம். மடிச்சு மூட்டை கட்டாம வராதாம். என்னையே ஒரு முனை பிடிக்கச் சொல்லுது!”

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். “யாருய்யா அது, இவ்வளவு வீம்பு?”

வேலையில் சேர்ந்த அன்று, படிவத்தில் ‘தாயின் தொழில்’ என்ற கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன்.

“எங்கம்மா” என்றேன், அறை முழுக்கக் கேட்கும்படி. “முனையை நல்லா இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க சார். சுருக்கம் விழுந்தா மறுபடியும் பிரிக்கச் சொல்வாங்க.”