ரஞ்சினிக்கு விருப்பமான கறி

கதவு திறந்ததுமே யோகேஸ்வரிக்கு மூக்கில் ஏறியது வினாகிரியின் புளித்த மணம்.

செத்த வீட்டில் வினாகிரிக்கு என்ன வேலை?

ஜெர்மனியின் பிராங்பேர்ட்டில் விடியவே ரயிலேறி, நண்டுக்கறிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஹம் நகர் வரை வந்திருந்தாள் அவள். தம்பி கணேசலிங்கத்தின் மனைவி ரஞ்சினி போய் இன்று எட்டாம் நாள். வேலைக்குப் போன இடத்தில் விழுந்தவள் எழும்பவில்லை. எட்டாம் நாள் என்றால், போனவருக்கு விருப்பமானதையெல்லாம் மீன், இறைச்சி என்று மச்சத்தோடு சமைத்துப் படைக்க வேண்டும். அதைத் தமக்கைக்காரி வந்து செய்யாமல் வேறு யார் செய்வது?

குசினிக்குள் எட்டிப் பார்த்தாள்.

ரஞ்சினியின் அடுப்படியில், ரஞ்சினியின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு முன்பின் அறியாத ஒருத்தி நின்றாள். பக்கத்தில் கணேசலிங்கம் உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். தேத்தண்ணிகூடத் தானாக ஊற்றிக் குடித்து அறியாத மனிதன்.

“ஆரடா இது?”

“மரிசெல், அக்கா. பிலிப்பைன்ஸ்காரி. ரஞ்சினியோட முதியோர் இல்லத்தில வேலை செய்யிறவ. நான்தான் வரச்சொன்னனான்.”

“மனுசி போய் எட்டு நாள்தானடா! அதுக்குள்ள ஒருத்தியைக் கொண்டந்து அடுப்படியில விட்டிருக்கிறாய். சனம் என்ன கதைக்கும்?”

“கதைக்கட்டும்.”

“சரி, என்ன கறி இது?”

“அடோபோ எண்டு, அவையின்ர ஊர்க் கோழிக்கறி. இதைத்தான் ரஞ்சினிக்குப் படைக்கப்போறன்.”

யோகேஸ்வரி சட்டிக்குள் பார்த்தாள். கோழித்துண்டுகள் வினாகிரியிலும் சோயா சோஸிலும் முங்கிக் கிடந்தன. மேலே நாலு மிளகும் ஒரு காய்ந்த இலையும். கறித்தூள் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை. இதைக் கறி என்று சொல்லவே ஒரு துணிச்சல் வேண்டும். அவள் அகப்பையை எடுத்துக் கிளறப் போனாள்.

மரிசெல் அவள் கையைப் பிடித்தாள். “வினாகிரி கொதிக்கும்வரை கிளறக் கூடாது. கிளறினால் பச்சைப் புளிப்பு போகாது” என்றாள் டொச் எனும் ஜெர்மன் மொழியில்.

தம்பி வீட்டுக் குசினியில் தன் கையையே பிடிக்கிறாளே! யோகேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இஞ்ச பார் கணேஸ். ரஞ்சினிக்கு என்ன விருப்பமெண்டு எனக்குத் தெரியாதே? அவளுக்கு நண்டெண்டால் உயிர். அதுதான் காய்ச்சிக் கொண்டந்தனான்.”

“நண்டு எனக்குத்தான் விருப்பம் அக்கா.”

“அப்ப ஒடியல் கூழ்?”

“அது உங்களுக்கு. நீங்கள் வாறியள் எண்டால்தான் அவ கூழ் காய்ச்சுவா.”

“பால்ரொட்டி?”

“அது மகன் சுலக்ஷனுக்கு.”

யோகேஸ்வரி யோசித்துப் பார்த்தாள். இந்த வீட்டில் எத்தனை பிறந்தநாள், எத்தனை தீபாவளி சாப்பிட்டிருப்பாள்! ரஞ்சினி தட்டோடு இருந்து சாப்பிட்டதாக ஒரு நாள்கூட நினைவில் இல்லை. “நீங்கள் சாப்பிடுங்கோ மச்சாள், நான் பிறகு சாப்பிடுறன்” என்று சொல்லிக்கொண்டு பின்னால் நிற்பாள். அந்தப் பிறகு எப்போது வந்தது, எதைச் சாப்பிட்டாள் என்று யாரும் பார்க்கவில்லை.

“மூண்டு நாளா யோசிச்சன் அக்கா” என்றான் கணேசலிங்கம். “சுலக்ஷனைக் கேட்டன், அவனுக்கும் தெரியேல்லை. இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில இருந்திருக்கிறன். என்ர மனுசிக்கு என்ன சாப்பாடு விருப்பமெண்டு எனக்குத் தெரியாது. கடைசியில வெக்கத்தை விட்டு இவவுக்குத்தான் போன் எடுத்துக் கேட்டனான்.”

சொல்லிவிட்டுக் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதான். யோகேஸ்வரி அவனைத் தேற்றக் கிட்டப் போனாள். தேற்றுகிற யோக்கியதை தனக்கும் கிடையாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சட்டி கொதித்தது. மரிசெல் ஒருமுறை கிளறி, தீயைக் குறைத்தாள்.

மத்தியானம் ரஞ்சினியின் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்தார்கள். நடுவில் சோறும் அந்தக் கறுத்த கோழிக்கறியும் மட்டும். நண்டுச்சட்டியை யோகேஸ்வரி அவிழ்க்கவே இல்லை. இனி எதைப் படைத்து என்ன, சாப்பிட வேண்டியவள் போய்விட்டாளே என்றுதான் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

டொச்சில் மரிசெல்லைக் கேட்டாள்: “அப்படி என்ன ருசி கண்டாளாம் இந்தக் கறியில?”

மரிசெல் படத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

“ருசி பிடித்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஒருநாள் வேலை இடத்தில் நான் கொண்டுபோன அடோபோச் சோற்றில் பாதியை அவவின் தட்டில் போட்டுக் கொடுத்தேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதா. ஏன் என்று கேட்டேன். ‘கலியாணம் கட்டின நாளில் இருந்து எனக்கு யாரும் சாப்பாடு போட்டுத் தந்ததில்லை’ என்றா.”