நடுவில் நிற்கும் புரோக்கர்

வீட்டு சர்வரில் மெசேஜ் புரோக்கர் என்ற மென்பொருள் ஓடும் கன்டெய்னர் மறுபடியும் நின்றுபோனது. மறுநாள் காலையில் மகள் வேலைக்காக வெளியூர் கிளம்ப வேண்டும். தன் தப்பாகத்தான் இருக்கும் என்று, அதை அமைக்க எழுதியதை ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

"இது இல்லாம ஆகாதாம்மா?" என்றார் அப்பா.

"ஆகாதுப்பா. ரெண்டு பக்கமும் நேராப் பேசிக்காது. நடுவுல இதுதான் வாங்கிக் கொடுக்கணும்."

செய்திகளைச் சேமிக்கும் இடத்தை இணைக்க மறந்திருந்தாள். இணைத்ததும் ஓடியது.

"அம்மாவுக்கு ஒண்ணு அனுப்பிப் பாருங்கப்பா."

'பொண்ணு போறா. நீ அழாத' என்று அப்பா போனில் தட்டினார். சமையலறையில் அம்மாவின் போன் சிணுங்கியது.

"நீங்க மட்டும் அழாம இருக்கீங்களாக்கும்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அப்பாவுக்கான அம்மாவின் பேச்சு 'உங்கப்பாகிட்ட சொல்லுடி' என்று தொடங்காமல் வருவது இரண்டு வருடத்தில் இதுவே முதல் தடவை.

மகள் புரோக்கரின் கன்டெய்னரை நிறுத்தினாள்.